எல்லா ஹீரோவும் சேர்ந்து வந்த திங்கட்கிழமை

எங்கள் அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஆயர் ஈத்தாமில் வண்டியைக் கிளப்பி, டத்தோ கிராமட், ஜெலுத்தோங் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டி, பிறையில் மூன்று தொழிற்சாலைக் கேட்டுகளில் இறக்கிவிடுவார். நான் பிறந்ததிலிருந்து இதே வழிதான். இத்தனை வருடத்தில் பஸ்ஸுக்குள் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. "ம்" என்பார். "கதவு" என்பார். ரொம்பக் கோபம் வந்தால் "ஜாங்ஙான் காச்சாவ்" என்று மலாயில் சொல்வார். சீண்டாதே என்று அர்த்தம். அதைப் பெரும்பாலும் என்னிடம்தான் சொல்வார்.

அவருக்குப் பதிலாகப் பாட்டுகள் பேசும். ஆயர் ஈத்தாமில் முதலில் ஏறுகிறவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய, ஸ்டோரில் வேலை பார்க்கும் அண்ணன். அவர் படியில் கால் வைக்கும்போது முருகன் பாட்டு ஆரம்பிக்கும். ஜெலுத்தோங்கில் ஏறும் அக்கா சர்ச்சில் பாடுகிறவர். அவருக்கு மாதா பாட்டு. பாலத்தில் ஏறியதும் நான்கு மெல்லிசைப் பாட்டுகள் வரும்; மொத்த பஸ்ஸும் தூங்கும். பிறைக்குள் நுழையும்போது ரெபானா மேளம் தட்டி ஆரம்பிக்கும் ஒரு பழைய மலாய்ப் பாட்டு. அது முதல் கேட்டில் இறங்கும் ஒரே ஆளான மலாய்க்கார அக்காவுக்கு. கண்ணைத் திறக்காமலே பையை எடுத்துத் தோளில் மாட்டுவார். அடுத்தது நாதஸ்வரம் வைத்த கல்யாணப் பாட்டு. அது இரண்டாவது கேட். சர்ச் அக்கா எழுந்து தலைமுடியைச் சரிசெய்வார். மூன்றாவது கேட்டுக்கு ஒரு குத்துப்பாட்டு. பக்தியோடு ஏறிய ஸ்டோர் அண்ணன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இறங்குவார்.

மணி அடிப்பதில்லை, கத்துவதில்லை. சாலை காலியாக இருந்தால் பாட்டுக்காக அப்பா வேகத்தைக் குறைக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால் "ம்" என்பார்.

அந்தப் பிளேயரைப் பஸ்ஸில் மாட்டியது நான்தான். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஜுருவில், காடிகளுக்கு ரேடியோ, பின்பக்கக் கேமரா எல்லாம் மாட்டும் கடையில் சேர்ந்தேன். செத்துப்போன என் லேப்டாப்பின் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, பிளேயரோடு இணைத்துக் கொடுத்தேன். டிஸ்க்குக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அப்பாவின் வாயில் அதிகம் வரும் வார்த்தையையே வைத்தேன்: ஜாங்ஙான் காச்சாவ்.

பாட்டுகளைப் போட்டுக்கொண்டது அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய பழைய லேப்டாப்பைத் திறந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு பாட்டாக டிஸ்க்கில் ஏற்றுவார். "மொத்தமா இழுத்துப் போட்டா ஒரு நிமிஷம்பா" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச் அக்கா எங்கள் பிளாட்டுக்கு வந்தார். கையில் ஒரு தம்ப்டிரைவ். அவருடைய தொழிற்சாலையின் வருடாந்திர விருந்தில் பத்து அக்காக்கள் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அந்த விருந்து முழுவதும் ஒரே வீடியோவாக அதில் இருந்தது.

"டிரைவர் அண்ணே, நாளைக்கு வேல முடிஞ்சு திரும்பி வர்றப்போ பஸ் டிவியில போடணும் லா. எல்லாரும் பாக்கணும்."

"ம்" என்றார் அப்பா.

"மூணாவது வரிசையில நிக்கிறது நான்தான். ஒடம்ப பாத்து கண்டுபிடிச்சிடுவீங்க."

"கண்டுபிடிக்க என்னக்கா இருக்கு, ஸ்கிரீன்ல பாதி நீங்கதானே" என்றேன். தம்ப்டிரைவாலேயே என் மண்டையில் ஒன்று போட்டுவிட்டுப் போனார்.

அப்பா ஏற்றிப் பார்த்தார். கோப்பு ரொம்பப் பெரிசு, இந்த டிஸ்க்கில் போகாது என்று வந்தது. மறுபடி பார்த்தார். மறுபடி அதே.

"என்னடா இது? முக்கா டிஸ்க் காலியா கெடக்கு. எடமில்லன்னு சொல்லுது?"

"எடம் இருக்குப்பா. கதவுதான் சின்னது. நாப்பது சீட்டும் காலியா இருந்தாலும் ஒரு அலமாரிய உங்க பஸ் கதவு வழியா ஏத்த முடியுமா?"

விஷயம் அவ்வளவுதான். டிஸ்க் ஃபேட் முப்பத்திரண்டு என்கிற பழைய முறையில் இருந்தது. அதில் நான்கு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எதுவும் உள்ளே போகாது. அக்காக்களின் ஆட்டம் ஆறு ஜிபி. என்டிஎஃப்எஸ் என்கிற முறைக்கு மாற்றிவிட்டால் கதவு பெரிதாகிவிடும். உள்ளே இருப்பதை அழிக்காமலே மாற்றலாம். ஒரே ஒரு வரி தட்டினால் போதும்.

"பாட்டு?" என்றார் அப்பா.

"ஒண்ணுகூட போகாது. நான் கேரண்டி."

"நீ கேரண்டி" என்று திரும்பச் சொன்னார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கறுப்புத் திரையைத் திறந்து அந்த வரியைத் தட்டினேன். உடனே செய்யாமல் அது என்னை ஒரு கேள்வி கேட்டது: இந்த டிஸ்க்கின் இப்போதைய பெயர் என்ன? ஆள் தெரியாமல் வேறு டிஸ்க்கில் கை வைத்துவிடக்கூடாது என்பதற்காகக் கேட்கிறதாம். அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஜாங்ஙான் காச்சாவ்.

"அதுவே சொல்லுது, சீண்டாதன்னு" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான நகைச்சுவை அதுதான். கேட்டுவிட்டுத்தான் என்டரைத் தட்டினேன்.

நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. எல்லாப் பாட்டும் இருந்தது. திறந்து திறந்து காட்டினேன். வீடியோ வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்பா எனக்கு இன்னொரு தே தாரேக் வாங்கித் தந்தார். எங்கள் வீட்டில் அது பட்டமளிப்பு விழா மாதிரி.

திங்கட்கிழமை எனக்குக் கடை லீவு. என் பெருமையை நேரில் பார்க்க நானும் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்டோர் அண்ணன் திருநீறும் ஈரத்தலையுமாகப் படியில் கால் வைத்தார். மேளம், விசில், இருபது பேர் கத்தல். ஏதோ ஒரு படத்து ஹீரோ அறிமுகமாகும் பாட்டு. ஸ்டோர் அண்ணன் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே, இன்னிக்கு சாமிக்கு லீவா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த ஹீரோ முடிந்ததும் இன்னொரு ஹீரோ வந்தார். டத்தோ கிராமட்டில் மூன்றாவது ஹீரோ. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய முறையில் இந்த மாதிரி மலிவான பிளேயர்கள், எந்தப் பாட்டு முதலில் டிஸ்க்கில் ஏறியதோ அதை முதலில் பாடும். ஏறிய வரிசைதான் பாடும் வரிசை. அதனால்தான் அப்பா ஒவ்வொன்றாக ஏற்றினார். புதிய முறை அப்படி இல்லை. அது கண்டிப்பான ஆபீஸ் கிராணி மாதிரி. எல்லோரையும் பெயரைப் பார்த்து வரிசையில் நிற்க வைத்துவிடும். டிஸ்க்கில் சாயந்தரத்துக்கென்று படப் பாட்டுகளும் நிறைய இருந்தன; அவற்றின் கோப்புப் பெயர், படத்தில் எத்தனையாவது பாட்டோ அந்த எண்ணில்தான் ஆரம்பிக்கும். ஒன்று என்று ஆரம்பித்தவை எல்லாம் முன்னால் வந்துவிட்டன. எந்தப் படத்திலும் முதல் பாட்டு யாருக்கு? ஹீரோவுக்குத்தானே.

கடைக்கு வரும் எத்தனையோ பேர் இதே பிரச்சினையைச் சொல்லியிருக்கிறார்கள். "பிளேயர் அப்படித்தான் லா அண்ணே" என்று அனுப்பியிருக்கிறேன்.

ஜெலுத்தோங்கில் சர்ச் அக்கா ஏறும்போது நான்காவது ஹீரோ வில்லன்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பாலம் முழுவதும் ஹீரோக்கள். ஒருவர் வந்து இறங்கி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். ஒரு ஆள்கூடக் கண் மூடவில்லை. பின்சீட்டிலிருந்து யாரோ, "டிரைவர் அண்ணே, தேர்தலுக்கு நிக்கிறீங்களா?" என்று கத்தினார்.

பிறைக்குள் நுழையும்போது ஹீரோக்கள் தீர்ந்தார்கள். இரண்டு என்று ஆரம்பிக்கும் பாட்டுகள் வந்தன. எல்லாம் காதல் மெல்லிசை. பாலம் முழுக்கத் தூக்கத்தைப் பறிகொடுத்தவர்கள், இறங்க வேண்டிய நேரம் பார்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்க ஆரம்பித்தார்கள்.

முதல் கேட்டில் பஸ் நின்றது. கதவு திறந்தது. ஒருவரும் அசையவில்லை. மலாய்க்கார அக்கா இன்றைக்கு ஏறவே இல்லை என்று அப்பா நினைத்துக்கொண்டார்போல; வண்டியை எடுத்துவிட்டார். இரண்டாவது கேட்டில்தான் அக்கா விழித்தார். வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடிக், லாகு காக்காக் மானா?" என்று கேட்டார். தம்பி, என் பாட்டு எங்கே? கோபமாகக்கூட இல்லை. அடகு வைத்த நகையைக் கேட்பது மாதிரி கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எறங்குங்க! ரெண்டாவது கேட்! எல்லாரும் எழுந்திரிங்க!"

பஸ்ஸில் அவர் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. பதறியடித்து எழுந்தார்கள். சர்ச் அக்கா வேறு ஒருவருடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பிறகு வண்டியைத் திருப்பி மலாய்க்கார அக்காவை முதல் கேட்டில் விட்டு, மூன்றாவது கேட்டில் ஸ்டோர் அண்ணனை இறக்கினோம். அண்ணன் இறங்கும்போது, "ஒங்கப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி?" என்று ரகசியமாகக் கேட்டார். எல்லோரும் இறங்கிய பிறகும் அப்பாவின் காது மடல் சிவந்தே இருந்தது. கத்தியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"திருப்பி மாத்து" என்றார்.

"அந்த வரி ஒருபக்கம்தான்பா போகும். திரும்பி வராது. ஆனா மாத்தவே வேணாம். ஒவ்வொரு பாட்டு பேருக்கும் முன்னாடி ஒரு நம்பர் போட்டா அந்த வரிசையில பாடும். வரிச மட்டும் சொல்லுங்க, பத்து நிமிஷ வேல."

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார். "வரிச தெரியாது."

"நீங்கதானே போட்டீங்க?"

"ரோட்ட பாத்தா தெரியும். ஒக்காந்து கேட்டா தெரியாது."

வீட்டுக்குப் போய் அவருடைய லேப்டாப்பைத் திறந்தேன். எந்தப் பாட்டு எந்தத் தேதியில் ஏறியது என்று பார்த்தால் வரிசை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப்பில் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதற்குப் புத்தாண்டுதான். எல்லாப் பாட்டும் ஒரே ஜனவரி முதல் தேதியில் ஏறியிருந்தது.

மறுநாள் நான் வேலைக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. பிளேயரை அணைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அதே முன்சீட்டில் உட்கார்ந்தேன். பிறையில் ஆட்களை இறக்கிவிட்டு அப்பா வண்டியை ஜுரு பக்கம்தான் கொண்டுபோய் நிறுத்துவார். என்னைக் கடையில் விட்டுவிடலாம்.

ஸ்டோர் அண்ணன் ஏறினார். "அண்ணே, ஒங்க பாட்டு எது? கொஞ்சம் பாடுங்க." சங்கடப்பட்டுக்கொண்டே இரண்டு வரி பாடினார். சுருதி எங்கேயோ போனது, ஆனால் பாட்டு எது என்று தெரிந்தது. எழுதிக்கொண்டேன். ஒன்று.

ஜெலுத்தோங்கில் சர்ச் அக்கா ஏறினார். "தம்பி, நேத்து சாயந்தரம் வீடியோ ஜோரா ஓடிச்சு. ஆனா ஒண்ணு கேக்குறேன். அத ரெண்டா வெட்டிப் போட்டிருந்தா பழைய டிஸ்க்லயே போயிருக்கும்ல?"

நான் பேனாவைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுல பன்னெண்டு வயசுப் பய சொல்றான் லா."

பஸ் சிரித்தது. அப்பாவின் தோள் குலுங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா எழுந்து நின்று மாதா பாட்டை முழுசாகப் பாடினார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பாலத்தில் பெரிய சண்டை. மெல்லிசை நான்கில் எது முதலில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தூங்குகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா முன்னால் பார்த்தபடியே, பாலம் வளையும் இடத்தில் ஒன்றை முனகினார். உயரமான கம்பிகள் வரும்போது அடுத்ததை. விரலால் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே நான்கையும் சொல்லிவிட்டார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேலி செய்ய வாயெடுத்தேன். சர்ச் அக்கா என் காதைத் திருகிவிட்டார்.

பிறை வந்தது. மலாய்க்கார அக்கா முன்சீட்டின் முதுகில் ரெபானா தட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டு முதல் கேட்டில் இறங்கினார். இரண்டாவது கேட்டில் பத்து பேர் வாயாலேயே நாதஸ்வரம் ஊதினார்கள். மூன்றாவது கேட்டில் ஸ்டோர் அண்ணன் ஆடிக்கொண்டே இறங்கினார்.

பஸ் காலியானது. நோட்டில் ஒன்பது எழுதியிருந்தேன்.

"முடிஞ்சுதாப்பா?"

அப்பா கியரை மாற்றினார். ஜுரு போகும் சாலை விடிந்து வெளுத்துக்கொண்டிருந்தது.

"இங்கேருந்து ஜுரு வரைக்கும் சும்மாவா ஓட்டுவீங்க? இதுக்கு என்ன பாட்டு?"

"எதுவும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. காது செவக்குது."

சாலையைப் பார்த்தபடியே, வாயைத் திறக்காமல் முனகினார். நேற்று ஆயர் ஈத்தாமில் ஸ்டோர் அண்ணனைப் படியிலேயே நிற்க வைத்த அதே பாட்டு. முதல் ஹீரோ. எல்லோரும் இறங்கிய பிறகு, நாற்பது காலி சீட்டுகளோடு, என் அப்பா தினமும் தனியாக அறிமுகமாகிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ப்பா! நீங்களா!"

"எழுது" என்றார்.

எழுதினேன். பத்து.

கடையில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நம்பர்களைப் போட்டு முடித்தேன். புதன்கிழமை வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினேன். கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பினேன், காரணத்தோடுதான். மூன்றாவது கேட்டுக்குப் பிறகு அப்பாவின் பஸ்ஸைப் பிடித்து, டிரைவர் ஜன்னலுக்கு நேராக ஓட்டினேன். ஜன்னல் திறந்திருந்தது. மேளமும் விசிலும் சாலைவரை கேட்டன. அப்பாவின் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்து, ஹீரோவுக்கு வைப்பது மாதிரி ஒரு சல்யூட் வைத்தேன்.

திரும்பிப் பார்த்தார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் உதடு அசைந்தது தெரிந்தது. எப்போதும் என்னிடம் சொல்லும் அந்த இரண்டு வார்த்தைதான். பிறகு கையை நீட்டி, பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.