இடப்பக்கத்து ஜன்னல்

பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவரை எல்லோரும் ரிவெட் என்றுதான் கூப்பிட்டார்கள். தகட்டில் அறைந்த ரிவெட் ஆணிபோல, ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவரைக் கிளப்ப உளிதான் தேட வேண்டும் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் விடவில்லை. மைத்துனிகூட போனில், "ரிவெட் அத்தான் எப்படி இருக்காரு?" என்றுதான் கேட்பாள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இயந்திரத்திலிருந்து ஈரத் துணியை இழுப்பது, விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுப்பது, மறுபக்கம் வாங்கி மடிப்பது. எல்லாமே நின்றபடி. கடைசியில் முதுகு பேச்சுக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பிலிருந்து குதிகால்வரை காய்ச்சிய கம்பியை இழுத்தாற்போல் இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால்தான் அடங்கும். கடற்கரைச் சாலையில் ஒரு தடவை போய்வர வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தப் பேச்சைத் தானாகவே விட்டுவிட்டாள்.

அவர் விடவில்லை. கூரியர் கம்பெனி கழித்துக் கட்டிய ஒரு வேனை வாங்கினார். பழைய பட்டறையில் ஒரு மூலை கேட்டு, அங்கே அதை வீடாக்கத் தொடங்கினார். "நீ படுத்துக்கிட்டே வா. கடல் உன் கூடவே வரும்" என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த வாக்கு.

வேலை சுத்தமாக நடந்தது. ஒரு ஓரத்தில் கட்டில், அடியில் தண்ணீர்த் தொட்டி, தலைமாட்டில் அடுப்பு. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். படுத்தவாக்கில் அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரிந்தால்தான் ஜன்னலின் கீழ்விளிம்பை வைக்க முடியும். அதற்காக அவளையே பட்டறைக்கு வரவழைத்து, கட்டில் உயரத்துக்கு ஒரு பலகையைப் போட்டுப் படுக்கவைத்து, சுண்ணக்கட்டியால் சுவரில் கோடிழுத்தார். வெல்டர் முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அண்ணிக்குப் பெட்டி அளவா எடுக்கறீங்க என்று கேட்டான்.

"மூடியை மட்டும் லேசாப் போடச் சொல்லுப்பா. எந்திரிச்சு இவருக்கு டீ போடணும்" என்றாள் அவள், படுத்தபடியே.

இத்தனை அளந்த மனிதர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அது, பயணம் கிளம்பி, மலைச்சாலை முடிந்து கடல் தெரிந்த முதல் வளைவில் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கடல் வலப்பக்கம் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவருக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் நனையும்போல, நீலமாகக் கிடந்தது. ஜன்னல் இடப்பக்கம். அவளுக்கு அதில் சாலைக்காக வெட்டிய பாறை தெரிந்தது.

பட்டறைக் கொட்டகையில் வண்டிகள் எப்போதும் இடப்பக்கம் வெளிச்சம் படும்படிதான் நிற்கும். கதவு, படி, எழுத்து எல்லாம் அந்தப் பக்கம். வலப்பக்கத்தில் கோணல்மாணல் இருந்தாலும் முதலாளி பார்க்கமாட்டார். ஆகவே அவர் கைக்கு இடப்பக்கம்தான் வண்டியின் நல்ல பக்கம். மனைவிக்கென்று ஒன்று செய்கிறோம் என்றதும் கை தானாக அங்கே போய்விட்டது. இந்த விளக்கத்தை அவர் சொல்ல, அவள் பாறையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். பாறையும் நல்ல பாறைதான் என்றாள்.

சாலை கலங்கரை விளக்கத்தோடு முடிகிறது. அதுவரை போய்விட்டால், திரும்பும்போது முழுக்க உன் பக்கம்தான் என்றார் அவர்.

ஆனால் வழி நீண்டுகொண்டே போனது. ஏற்றத்தில் கிளட்ச் நழுவியது. முதல் கியரில் முனகிக்கொண்டே ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாத்திரங்கள் ஒரு பக்கம் உருண்டன, அவள் மறுபக்கம் உருண்டாள். ஒரு மாலை, கடலோர நிறுத்துமிடத்தில் நாலைந்து முறை முன்னும் பின்னும் போய், ஜன்னல் கடலைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். டீ கொதிப்பதற்குள் ஒரு பெரிய சுற்றுலா வண்டி வந்து குறுக்கே நின்றது. அதிலிருந்தவர்கள் கயிறு கட்டி உள்ளாடைகளைக் காயப்போட்டார்கள். சலவை தன்னைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் அவளும் சிரிக்கவில்லை. மகள் போனில் கடல் எப்படியிருக்கிறது என்று கேட்டபோது, அப்பாவைக் கேள், எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை அவரிடம் நீட்டினாள்.

அடுத்த நாள் காலை ஒரு வளைவில், ஓரமாக நிறுத்தச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பின்னால் போனார். அவள் முழங்காலை மடக்கி, முகம் வெளுத்துக் கிடந்தாள். மாத்திரை கொடுத்தார். தண்ணீர் பாதி தலையணையில் சிந்தியது.

"திருப்புங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"இன்னும் அரைநாள்தாம்மா. கலங்கரை விளக்கத்தைத் தொட்டுட்டா அப்புறம் பூரா உன் பக்கம்தான்."

"அரைநாள் எனக்குத் தாங்காது."

"வேலையைப் பாதியில விடச் சொல்றியா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இங்கேயே திருப்பினா கடல் அந்தப் பக்கம் ஓடிடுமா?"

  கிளம்பும்போது கலங்கரை விளக்கத்தில்தான் திரும்புவது என்று அவர் மனதில் வைத்திருந்தார். அது அங்கேயே இறுகிவிட்டது, அவ்வளவுதான். காது ஓரத்தைச் சொறிந்துகொண்டு முன்னே போய் உட்கார்ந்தார். அந்தக் குறுகலான சாலையில் வண்டியைத் திருப்ப வெகுநேரம் பிடித்தது. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி நின்று கைகாட்டி உதவினார். முன்னால் பாதை மூடியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, நாங்கள் பார்த்தாயிற்று என்றார் இவர்.

திரும்பிய வண்டி மெதுவாக இறங்கியது. இப்போது அவருடைய கண்ணாடிக்கு அருகே பாறை. கொஞ்சதூரம் போனதும், "தெரியுதா?" என்று கேட்டார்.

"ம்."

வளைவு தாண்டி இன்னொரு முறை கேட்டார். தெரியுது என்றாள். மூன்றாவது முறை கேட்டதற்கு, கேட்டுக்கொண்டே இருந்தால் எப்போது பார்ப்பது என்றாள். அதற்குப் பிறகு பின்னாலிருந்து சத்தமே இல்லை. வலி அதிகமாகிவிட்டதோ, தூங்கிப்போனாளோ என்று அவருக்கு வண்டி ஓட்டுவதில் மனம் நிற்கவில்லை. ஓரமாக இடம் கிடைத்ததும் நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

அவள் விழித்திருந்தாள். ஜன்னலின் கீழ்விளிம்பு அவள் கண்ணுக்கு நேராக, கோடு போட்ட அதே இடத்தில் இருந்தது. அதற்கு மேலே வேறொன்றும் இல்லை, கடல்தான். அவள் அவரைப் பார்க்காமலே கால்களைச் சற்று ஒடுக்கிக்கொண்டாள்.

"வந்து உக்காருங்க. திரும்பினதுலேர்ந்து நீங்கதான் கடலைப் பாக்கல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.   வண்டிக்கு விலை ஏதாவது கிடைக்குமா என்று அவள் கேட்டாள். ஜன்னலைக் கழற்றிக்கொண்டு கொடுத்தால் கிடைக்கும் என்றார். அவள் மேலும் ஏதோ சொல்லி முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிவிட்டிருந்தார். தாடை தொங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஜன்னலை மறைத்து மறைத்து விலகியது.

அவள் அவரை எழுப்பவில்லை. தலை விலகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.