கல் மேலே போன நாள்

நம் ஜெபத்துக்குப் பதிலென்று வந்து நிற்பது இன்னொருத்தியின் வீழ்ச்சியாக இருந்தால், அதற்கு நன்றி சொல்லலாமா? சென்ற டிசம்பரில் இந்தக் கேள்வி என்னை வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்தியது.

முதுகலை இயற்பியல் இறுதியாண்டு. ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலில் எங்கள் பேராசிரியரிடம் ஆய்வு செய்ய ஒரே இடம்தான் இருந்தது. தாராவியிலிருந்து சென்ற நானும் கோமதியும் அதற்குப் போட்டியிட்டோம். கிடைக்காவிட்டால், கோமதி வாஷியில் தன் அத்தானின் கடையில் பில் போட உட்கார வேண்டும். அது எனக்குத் தெரியும்.

இந்தப் பாடத்தில் காலமும் வெளியும் எதிரெதிர்க் குறி பெறும். எதற்குக் கழித்தல் குறி என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இரண்டு வழியும் சரி, ஆனால் கலக்கக் கூடாது. பருவத்தின் நடுவில் பேராசிரியர் குறியை மாற்றினார். கோமதி அப்போது டெங்குவில் கிடந்தாள். நோட்டுப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அந்த ஒரு பக்கத்தைத் தவிர.

அந்த இடத்தை முடிவுசெய்ய வகுப்பின் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள், ரயிலில் தன் கணக்கை நீட்டினாள். குறிகள் கலந்திருந்தன.

"ஏட்டி, பாத்துச் சொல்லு. சரியா இருக்கா?"

"சரியாத்தான்ட்டி இருக்கு."

நாங்கள் இறங்கும் சயான் ஸ்டேஷன் வருவதற்குள், "ஆண்டவரே, அந்த இடத்தை எனக்கே தாரும்" என்று மனதுக்குள் ஜெபித்தேன்.

மறுநாள் கரும்பலகையில் அவள் போட்ட கணக்கில், குறிகள் கலந்ததால், கீழே விழ வேண்டிய கல்லைப் பூமி இழுக்கவில்லை; மேலே தள்ளியது. பேராசிரியர், வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காக்காரர். எங்களை ஏளனம் செய்ய மட்டும் தமிழ் பேசுவார்.

"ஏம்மா, உங்க தாராவியில நிக்க இடமில்லேன்னு கல்லுகூட மேல போயிடறதோ?"

வகுப்பு சிரிக்க வேண்டுமென்று அதையே ஹிந்தியிலும் சொன்னார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்குக்கட்டியோடு கோமதி என்னைப் பார்த்தாள்.

நான் கேட்டது கண்ணெதிரே நிறைவேறிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, நேற்றைய ஜெபத்தைக் கேளாதேயும். என் வாயைத் திறந்தருளும்." எழுந்துவிட்டேன்.

"சார், அவ தப்பில்ல. குறி மாத்தின பக்கத்த நான்தான் மறச்சேன்."

"ஓஹோ, திருட்டு வேறயா? அப்போ ரெண்டு பேருமே கெளம்பலாம்."

இடம் வேறொரு மாணவருக்குப் போயிற்று.

வாசலில் கோமதி சொன்னாள்: "பக்கத்த மறச்சதக்கூட விட்டுருவேன். அவங்களோட சேந்து சிரிச்சேல்லா, அதத்தாம்ட்டி மறக்க மாட்டேன்."

அவள் இன்று வாஷியில்தான் இருக்கிறாள். என் உண்மை தாமதமாக வந்தது, அவளைக் காக்கவில்லை. ஆயினும், அவளுக்குக் கணக்கு வராது என்ற பொய் நிலைத்துவிடாமல் தடுத்த ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறேன். முதல் ஜெபத்தை மறுத்தவர் இரண்டாவதற்கு மனமிரங்கினார். அன்பானவர்களே, உங்களைக் குற்றவாளியாக நிறுத்தும் பதிலாயினும், அஞ்சாமல் அவரை நம்புங்கள்.

இப்போது நான் ஜெபத்தில் எனக்கென்று இடம் கேட்பதில்லை. நோட்டு கேட்பவர்களுக்கு எல்லாப் பக்கங்களையும் அனுப்புகிறேன்.