அரியரத்தினம் குடித்த தேத்தண்ணி

ஸ்பிரிங்வேலில் குடியிருந்த அரியரத்தினத்தைப் பற்றி அந்தக் காலத்து மெல்பேண் தமிழர் யாரிடம் கேட்டாலும் முதலில் மரைக் கதையைத்தான் சொல்வார்கள். சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்த மனுசன் ஏன் அப்படிச் செய்தார் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். வயிறு எரிந்தவர் அவர், சிரிக்கிறவர்கள் இவர்கள்.

அரியரத்தினம் ஒட்டுசுட்டானில் பிறந்தவர். தகப்பன் வேட்டைக்காரர். மரை என்கிற அந்தப் பெரிய சாதி மானின் இறைச்சி வத்தல் அடுப்புக்கு மேலே தொங்காத நாள் அந்த வீட்டில் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் படவரைஞராக வேலை பார்த்து, எழுபத்துமூன்றில் மனைவி இராஜேஸ்வரியோடு மெல்பேணுக்கு வந்தார். பகல் முழுக்கத் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறுவது வேலை. விக்டோரியாவின் கிழக்கு மலைகளில் மரை இருக்கிறது, அதுவும் போன நூற்றாண்டில் வெள்ளைக்காரன் இலங்கையிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்ட மரை என்று வேலையிடத்தில் யாரோ சொன்னபோது, அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். "எனக்கு முந்தியே விசா எடுத்திட்டுது" என்றாராம். அடுத்த கிழமையே பழைய 303 துவக்கு ஒன்று வாங்கி, அதற்குரிய அனுமதியும் எடுத்துவிட்டார். மரை விழுந்தால் அன்றைக்கு மெல்பேணில் உள்ள தமிழ் வீடுகளுக்கெல்லாம் பங்கு போகும். கை தாராளம். மனதும் அப்போது தாராளமாகத்தான் இருந்தது.

அந்த மனதைக் கெடுத்தவர் இந்திரகுமார்.

அரியரத்தினத்துக்கு ஒரே ஒரு தங்கை, நாகேஸ்வரி. ஊரில் ஆசிரியை. மெல்பேணில் பல் வைத்தியராக இருந்த மகேந்திரராஜாவுக்கு அவளைப் பேசினார்கள். சாதகம் பொருந்தியது, படம் பிடித்தது, எல்லாம் சரி. கடைசியில் விசாரிக்கிற வேலைதான் மிச்சம். எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டே. பெண்ணின் ஊரோடு தொடர்புள்ள ஒருவரைப் பிடித்து, "குடும்பம் எப்பிடி?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அவர் சொல்வதுதான் தீர்ப்பு. மேலே கிண்டிக் கேட்பது மரியாதை இல்லை. பெண் வீட்டுக்கு அது தெரியவும் வராது. இந்திரகுமார் வளர்ந்தது திருகோணமலை என்றாலும் தாய் ஒட்டுசுட்டான்காரி. மெல்பேணில் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. அவரைக் கேட்டார்கள்.

"பெட்டை நல்ல பிள்ளை. ஆனா தாய்வழியில கொஞ்சம் விசர் இருக்கெண்டு கேள்வி."

இவ்வளவுதான் சொன்னார். பைத்தியக் குடும்பம் என்று சம்பந்தம் அறுந்தது. அடுத்த தை மாதமே மகேந்திரராஜா தாலி கட்டினார், யாருக்கு என்கிறீர்கள்? இந்திரகுமாரின் மனைவியின் தங்கை யோகாவுக்கு. நாக்கில் நரம்பில்லாத மனுசன்.

இது அரியரத்தினத்துக்குத் தெரியவந்ததே யோகாவின் வாயால்தான். ஒரு பிறந்தநாள் வீட்டில், குசினிக்குள், "அன்ரி, உங்கட மாமிக்குக் கடைசிக் காலத்தில மூளை சரியில்லாமல் இருந்ததாமே, பாவம்" என்று இராஜேஸ்வரியிடம் அனுதாபப்பட்டாள். "கலியாணம் விசாரிக்கேக்க இந்திரகுமார் அத்தான் சொன்னவராம்" என்று வேறு சொன்னாள். மாமியாவது, மூளை சரியில்லாததாவது! அரியரத்தினத்தின் தாய், பாம்பு கடித்துச் செத்த மனுசி அவ. உயிர் போகிற நேரத்திலும் "அடுப்பில உலை கொதிக்குது, பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினவ.

அரியரத்தினம் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் எவ்வளவோ நல்லது. அவர் கறுவினார். இரண்டு வருசம் உள்ளே வைத்துக் கறுவினார். நேரில் கண்டால் சிரிப்பார். மரை விழுந்தால் இந்திரகுமார் வீட்டுக்கும் பங்கு போகும். எலும்பும் சவ்வுமாகப் பார்த்து வெட்டிய பங்கு. அந்த ஆள் அதையும் தின்றுவிட்டு, "அருமையான இறைச்சி அண்ணை" என்று தொலைபேசியில் சொல்லும்போது இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தேழாம் ஆண்டு வைகாசியில் நாகேஸ்வரிக்கு இன்னொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சிறிதரன், சிட்னியில் பிளாக்டவுனில் இருக்கிற எஞ்சினியர். பெண்ணுக்கு வயது முப்பத்திரண்டு. இதுவும் போனால் இனி ஒன்று வராது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் மாமா நாகராஜன் ஞாயிற்றுக்கிழமை தமிழர் ஒன்றுகூடலுக்கு மெல்பேண் வருகிறார், வந்து விசாரிக்கப் போகிறார் என்ற செய்தியும் வந்தது. யாரை விசாரிப்பார்? அதே இந்திரகுமாரைத்தான்.

அரியரத்தினம் தொலைபேசியை எடுத்தார். "தம்பி, சனிக்கிழமை வேட்டைக்கு வாறீரோ?"

"ஓம் அண்ணை, கட்டாயம் வாறன். எனக்குச் சுடத் தெரியாது. இறைச்சி தூக்க வாறன்."

தனியே கொண்டுபோய் நாலு கேள்வி கேட்பது, மறுத்தால் கன்னத்தில் இரண்டு கொடுப்பது, இதுதான் அவர் திட்டம். அதற்கு மேல் ஒன்றும் மனதில் இருக்கவில்லை. இராஜேஸ்வரி பாணும் இடிச்ச சம்பலும் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. விடியற்காலையில் புறப்பட்டு லிக்கோலாப் பக்கத்து மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் இந்திரகுமார் கதைத்துக்கொண்டே வந்தார். மச்சாள் யோகா முழுகாமல் இருக்கிறாளாம், மகேந்திரராஜா புது வீடு வாங்குகிறாராம். அரியரத்தினம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சந்தோசம்" என்றார்.

ஓடைக்கரையால் ஏறி ஒரு வெளிக்கு வந்தபோது மரை நின்றது. நல்ல ஆண் மரை, கொம்பு மூன்று கவர். காற்று இவர்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசுகிறது. மனுச வாடை பட்ட மரை கணப்பொழுதில் காட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். இது மறையவில்லை. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, இடப்பக்கமாகவே வட்டம் சுற்றியது. கால் பின்னியது. வாயில் நூலாக எச்சில் வடிந்தது. ஒரு கண் பால் போல வெளுத்திருந்தது. ஒட்டுசுட்டானில் அப்படி ஒரு மரையை அரியரத்தினம் கண்டிருக்கிறார். பயம் மறந்த மிருகம் அது. கோவில் மாட்டின் வயிற்றைக் கிழித்துவிட்டுத்தான் விழுந்தது.

இந்திரகுமாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் மான்கள் நிற்கும். கையில் வாழைப்பழம் வைத்தால் வந்து தின்னும். சிறுவயதில் வெள்ளிக்கிழமைதோறும் ஊட்டிய ஆள்.

"அண்ணை, சுடாதேங்கோ. எங்கட கோணேசர் கோயில் மான் மாதிரி நிக்குது, பாருங்கோ" என்று ஒரு துண்டுப் பாணைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"நில்" என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் அரியரத்தினத்தின் தொண்டை வரை வந்தது. நாகேஸ்வரியின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லை விழுங்கிவிட்டார்.

"பா, பா" என்று பாணை நீட்டிக்கொண்டு இந்திரகுமார் கிட்டப் போனார். மரை சுற்றுவதை நிறுத்தியது. நல்ல கண்ணை அவர் பக்கம் திருப்பியது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது பாருங்கள் ஒரு வரத்து! இந்திரகுமார் பாணையும் ஒரு சப்பாத்தையும் விட்டுவிட்டு ஓடி, சரிந்து நின்ற ஒரு வாட்டில் மரத்தில் ஏறினார். பிறந்ததிலிருந்து மரமேறாத மனுசன், அன்றைக்கு அணில் தோற்றது. மரை கொம்பால் மரத்தை இடித்தது. சுற்றியது. திரும்பவும் இடித்தது.

"அண்ணை, சுடுங்கோ. கெதியாச் சுடுங்கோ."

அரியரத்தினம் துவக்கைத் தூக்கினார். குறி சரியாக இருந்தது. பிறகு இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, மேட்டில் கிடந்த ஒரு மரக்குற்றியில் இருந்தார். பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார்.

"சுடுவம். அவசரமில்லை. தம்பி, மகேந்திரராஜா வீட்டுக்காரர் என்ர தங்கச்சியைப் பற்றிக் கேட்டபோது நீர் என்ன சொன்னனீர்?"

இந்திரகுமார் கொப்பை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தார். கீழே மரை மூச்சு வாங்கியது.

"நல்லதாத்தான் சொன்னனான் அண்ணை."

"அப்பிடியோ? அப்ப இரும்." ஒரு வாய் குடித்தார்.

மரை இன்னொரு தரம் இடித்தது. மரம் வேரோடு ஆடியது. இந்திரகுமார் அழத் தொடங்கினார். "சொல்லுறன், சொல்லுறன். விசர் எண்டு சொன்னனான். பொய்தான். யோகாவுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. அவளின்ர தாய், என்ர மாமி, ஒவ்வொரு நாளும் அழுவா. நான் என்ன செய்ய?"

"உன்ர மச்சாளுக்கு வயது போகும். என்ர தங்கச்சிக்குப் போகாதோடா? அவளுக்கென்ன வயது பின்னுக்கு ஓடுதோ?"

இரண்டு வருசத்துக் கறுவல். நீர் போய் நீ வந்துவிட்டது. தேத்தண்ணி காற்சட்டையில் கொட்டியது. அவர் இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார்.

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால நாகராஜனுக்கு உண்மையைச் சொல்லுவியோ?"

"சொல்லுவன். கோணேசர் மேல சத்தியம். ஒண்டும் மறைக்காமல் சொல்லுவன்."

"இப்ப பலமாச் சொல்லு, காடு கேக்கட்டும். அரியரத்தினம் குடும்பத்தில விசர் இல்லை."

"அரியண்ணை குடும்பத்தில விசர் இல்லை!"

"கேக்கேல்ல."

"அரியண்ணை குடும்பத்தில விசர் இல்லை!"

மலையில் பட்டு அது திரும்பி வந்தது. அரியரத்தினத்துக்கு அந்தச் சத்தம் அப்படி இனித்தது. இன்னும் இரண்டு தரம் சொல்ல வைத்தார். கோப்பையைக் குடித்து முடித்து, மூடியைத் திருகி, பிறகுதான் துவக்கை எடுத்தார். ஒரே வெடி.

கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கொம்பின் அடியில் மண்டை வரைக்கும் சீழ். ஈ மொய்த்தது. எத்தனை நாள் அந்த வேதனையோடு சுற்றியதோ. நோய்ப்பட்ட வருத்தக்கார மிருகத்தைக் கண்டால் உடனே முடித்துவிட வேண்டும், நிற்கவைத்துப் பார்க்கக் கூடாது என்பது வேட்டைக்காரர் எல்லாருக்கும் தெரிந்தது. அரியரத்தினம் குனிந்து அதன் கண்ணை மூடிவிட்டு, "மன்னிச்சுக்கொள்" என்றார். அது மரைக்குச் சொன்னது. மரத்தில் இருந்தவருக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இறைச்சியை அவர்கள் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைய ஆட்கள். வடையும் தேத்தண்ணியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நாகராஜன் இந்திரகுமாரை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போக, "மூலை வேண்டாம், இஞ்சையே சொல்லுறன்" என்று இந்திரகுமார் நடு மண்டபத்தில் நின்றார். அரியரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இராஜேஸ்வரி பக்கத்தில் நின்றா.

"அந்தக் குடும்பத்தில விசர் கிசர் ஒண்டுமில்லை. அது இரண்டு வருசத்துக்கு முந்தி நான் யோகாவுக்காகச் சொன்ன பச்சைப் பொய்."

மகேந்திரராஜா தலையைக் குனிந்தார். யோகா எழுந்து வெளியே போனாள். அரியரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். நாகராஜன் விடவில்லை.

"இரண்டு வருசமாச் சொல்லாமல் இப்ப ஏன் சொல்லுறீர்?"

ஒன்றும் மறைக்காமல் சொல்வேன் என்றல்லவா சத்தியம்? இந்திரகுமார் ஒன்றையும் மறைக்கவில்லை. மரை வட்டம் சுற்றியது, தன்னைத் துரத்தியது, மரத்தை இடித்தது, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அண்ணை தேத்தண்ணி ஊற்றினது, காட்டைப் பார்த்துக் கத்தச் சொன்னது, கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கத்தச் சொன்னது, எல்லாம் சொன்னார். கூட்டிச் சொல்லவுமில்லை, குறைத்துச் சொல்லவுமில்லை. அதைவிடப் பெரிய கெடுதலை ஒரு பொய்யாலும் அவர் செய்திருக்க முடியாது.

மண்டபம் கேட்டுக்கொண்டிருந்தது. வடை வைத்திருந்தவர்களின் கை அந்தரத்தில் நின்றது. பின்வரிசையிலிருந்து யாரோ, "மரைக்குத்தான் விசரெண்டு நினைச்சன்" என்றார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு நாலுபேர். இராஜேஸ்வரி மட்டும் சிரிக்காமல் புருசனைத் திரும்பிப் பார்த்தா.

நாகராஜன் சிரிக்கவில்லை. புறப்படும்போது அரியரத்தினத்தின் கையைப் பிடித்து, மிகவும் மரியாதையாக, ஒரு வருத்தக்காரனோடு கதைக்கிற மாதிரி மெதுவாக, "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம் தம்பி. நீங்கள் உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அந்தக் குரலைக் கேட்டவுடனேயே இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்று அரியரத்தினத்துக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்பிரிங்வேல் ரயில் கடவையில் கார் நின்றபோது இராஜேஸ்வரி கேட்டா.

"உண்மையாத் தேத்தண்ணி குடிச்சனீங்களோ? அந்த ஆள் மேல நிண்டு அழ?"

"ஓம்."

"ரெண்டாங் கோப்பையும்?"

"அவன் செய்த வேலைக்கு அது காணாது" என்றார் அரியரத்தினம். குரல் உயர்ந்துவிட்டது. "இன்னும் ஒரு பிளாஸ்க் இருந்திருந்தால் அதையும் குடிச்சிருப்பன். நாகேசின்ர வாழ்க்கையை நாசமாக்கினவன் அவன். கேக்குதோ உமக்கு? அவன்."

"கேக்குது" என்றா இராஜேஸ்வரி. "கத்தாதேங்கோ."

ரயில் போய்க் கடவை திறந்தது. அவ மடியில் இருந்த கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, கதவுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருந்தா.