சுவருக்கு அந்தப் பக்கத்து ஆமென்

முதலில் அதைக் கேட்டவள் அம்மா. மாலை ஜெபமாலையில் அவள் முன்பாதியைச் சொல்ல, அப்பாவும் அக்காவும் நானும் பின்பாதியைச் சொல்லி முடிப்போம். அன்று நாங்கள் 'ஆமென்' சொல்லி வாயை மூடிய பிறகு, இன்னொரு 'ஆமென்' வந்தது. பெண் குரல். சற்றுப் பிந்தி, மெலிந்து, மாதா படம் மாட்டியிருந்த சுவரே சொன்னதுபோல இருந்தது. அம்மாவின் விரல்களில் மணி நகரவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தச் சில்லிப்பு நினைத்தவுடன் வந்துவிடுகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த ஃபேர்லேண்ட்ஸ் பகுதி பாதி வீடும் பாதி சோளக்காடுமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. அந்த வீட்டை எடப்பாடிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வாங்கி, வாசலில் பெரிய பூட்டாகப் போட்டிருந்தார். சன்னல் ஒன்றுகூடத் திறந்து பார்த்ததில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குச் சரக்கு போட வரும்போது வீட்டின் பின்னால் காட்டுப்பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்பா வாடகைக்கு விடலாமே என்றதற்கு, "சும்மா கெடக்கட்டுமுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

குரல் தினமும் வரத் தொடங்கியது. எங்களுக்குப் பிந்தியே வரும். போகப்போக ஜெபத்தின் வார்த்தைகளையும் தட்டுத்தடுமாறிச் சொன்னது. காற்று திரும்பும் நாளில் யூகலிப்டஸ் தைல வாசனையும் வந்தது. அக்கா பயந்துபோய் அம்மாவின் மடியை விட்டு நகர மாட்டாள். அம்மாவுக்கோ சந்தேகமே இல்லை. அது செத்த பிறகு பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமா. கரையேற முடியாமல் நம்மிடம் உதவி கேட்கிறது. அதை எப்படியாவது மோட்சத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவளுக்கு வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

"எனக்கு இருமல் சத்தம் கேட்டுச்சு" என்றார் அப்பா ஒரு நாள்.

"ஆத்துமா எங்கயாவது இருமுமா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அதற்கு மேல் கேட்க அப்பாவுக்கும் தைரியமில்லை. ரயில்வேயில் எல்லோரையும் அதட்டும் மனிதர், அந்தச் சந்துக்குள் ஒரு முறைகூடப் போகவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா அந்தப் பெயர் தெரியாத ஆத்துமாவுக்காகப் பூசை கொடுத்தாள். அந்த வாரமே குரல் நின்றது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "போயிடுச்சு, கரையேறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கேசரி கிண்டினாள்.

நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போதே பண்ணைக்காரர் வந்தார். தோளில் துண்டு இல்லை. இடுப்பில் கட்டியிருந்தார்.

"எந்தங்கச்சி போயிருச்சுங்க. சயரோகமுங்க. ஊர்ல வெச்சிருந்தா எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு இங்க கொண்டாந்து வெச்சனுங்க. காட்டு வழியா ஒரு பொம்பள வந்து சோறாக்கிப் போட்டுச்சு. நீங்க தெரிஞ்சும் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடலீங்க. பொழுது சாஞ்சா உங்க சத்தத்துக்குத்தான் சுவத்தோரமா வந்து உக்காருமாமுங்க. கூடவே சொன்னா என்னைக்காச்சும் ஆருன்னு கேப்பாங்கன்னு அந்தப் பொம்பளகிட்டச் சொல்லுச்சாமுங்க."

அம்மாவைப் பார்த்து அவர் கும்பிட்டார். மனதார நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். எங்களுக்குத் தெரியாது என்று சொல்லாமலே அப்பா பதிலுக்குக் கும்பிட்டார். அம்மா பெயரை மட்டும் கேட்டாள். அவர் சொன்னார்.

அவர் போன பிறகு, "இனிமே அந்தப் பேரைச் சொல்லியே வேண்டிக்கலாம்" என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

"உசுரோட இருந்தவளுக்குச் செத்தவங்க பூசை குடுத்தேன். சீக்கிரம் கூட்டிக்கோன்னு தினம் கெஞ்சுனேன். இன்னும் என்னத்தை வேண்டச் சொல்றீங்க?" என்றாள் அம்மா.