கரும்பலகையின் மேல்பாதி

ஷெர்லின் மிஸ் கரும்பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சுக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுவாள். தசைகளின் பெயர், எலும்புகளின் பெயர், எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு ஓய்வு, எல்லாம் இடுப்புயரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மேல்பாதி முழுக்கக் காலி. "மிஸ், மறைக்குது மிஸ்" என்று பின்னாலிருந்து குரல் வந்தால், "எழுந்து நின்னு பாரு. அதுவும் எக்சர்சைஸ்தான்" என்பாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று எழுதிக்கொள்வார்கள். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

வடக்குப்பட்டு போகிற வழியில் இருக்கும் அந்த மேல்நிலைப் பள்ளிக்கு உடற்பயிற்சிப் பயிற்சியாளர் படிப்பு வந்தது போன வருடம்தான். பிளஸ் டூவோடு சேர்த்துப் படிக்கலாம். பரீட்சையில் தேறினால், பதினெட்டு வயது முடிந்ததும் சான்றிதழ் கைக்கு வரும். ஏதாவது ஒரு ஜிம்மில் கௌரவமாக வேலைக்குச் சேரலாம். பெற்றவர்களுக்கு முதலில் இது விளங்கவே இல்லை. "வெயிட்டு தூக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஒரு அப்பா முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"தூக்கறதுக்கு இல்லண்ணா. அடுத்தவங்கள, ஒடம்பு கெடாம தூக்க வெக்கறதுக்கு" என்றாள் ஷெர்லின்.

மறுநாள் காலையில் அவர் தன் மகன் பகலவனைக் கையோடு கூட்டிவந்து சேர்த்துவிட்டுப் போனார். ஷெர்லின் பேசினால் அப்படித்தான், எதிராளிக்கு அடுத்த கேள்வி எழாது.

மணிமங்கலத்துக்காரி. பள்ளி முடித்த கையோடு கார் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் சேர்ந்தவள், கல்யாணத்துக்கு அப்புறமும் லைனில்தான் நின்றாள். தலைக்கு மேலே தொங்கும் கருவியை வலது கையால் இழுத்து இழுத்து போல்ட் முடுக்குகிற வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் கூட நின்றவர்கள் படுக்கையைத் தேடிப் போனார்கள். இவள் படப்பையில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கிய ஜிம்மைத் தேடிப் போனாள். போனது உடம்பைக் குறைக்கத்தான். போகப்போக மற்றவர்கள் இவளிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பரீட்சை எழுதித் தேறினாள், லைனை விட்டாள். மாமியார் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இவள் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது அதே மாமியார், "எம் மருமவ டீச்சரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

லைனிலிருந்து ஷெர்லின் கொண்டுவந்த ஒரே சொத்து வலது தோளில் ஒரு வலி. கை தோளுக்கு மேலே போனால் உயிர் போய் உயிர் வரும். புருஷனுக்கே இது அரைகுறையாகத்தான் தெரியும். அவளை வேலைக்கு எடுத்துப் பள்ளிக்கு அனுப்பிய பயிற்சி நிறுவனத்துக்குச் சுத்தமாகத் தெரியாது. எடுக்கும்போது கேட்கத்தான் செய்தார்கள். "உடம்புக்கு எதுவும் இல்லையேம்மா?"

"இல்ல சார்" என்றாள். பிறகு, தலைக்கு மேல் தூக்க வேண்டியதையெல்லாம் இடது கையால் செய்து காட்டினாள். இரண்டு கையும் வேண்டுமென்றால் ஒரு பையனை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி அவனைச் செய்யவைத்தாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். கம்பெனி கேட்டில் காண்ட்ராக்டர் ஆள் ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். ஒரே மூச்சில் கேட்பான்: "மயக்கம், மூச்சு வாங்கறது, முதுகு வலி, ஆபரேஷன், ஒண்ணும் இல்லல்ல?" "ஒண்ணும் இல்லண்ணா" என்றால் உள்ளே போகலாம். "அது வந்து" என்று இழுத்தால், "சரி, அப்பறம் பாக்கலாம், அடுத்த ஆளு வா." வீட்டுக்கு வீடு இதைப் பேசிப் பேசி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைவிட இந்தப் பதில் நன்றாக மனப்பாடம்.

அதனால் வந்த வினையை ஷெர்லின் முதல் மாதத்திலேயே பார்த்தாள். பக்கத்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்கள் சிலர் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள்தான் பயிற்சி கொடுத்துப் பழக ஆள். பயிற்சிக்கு முன்னால் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டும், அது முதல் பாடம். மதிவதனி எழுந்து போனாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி, அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறாள். போனவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மயக்கம், மூச்சு வாங்கறது, முதுகு வலி, ஆபரேஷன், ஒண்ணும் இல்லல்லக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் எதிரே இருந்த சந்தனமாரி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்.

"சரி, குனிஞ்சு தூக்குங்க" என்றாள் மதிவதனி.

"இன்னாடி இது, கேட்டுல ஆள் எடுக்கறியா?" என்று ஷெர்லின் பாய்ந்தாள். "நீயே இல்லல்லன்னு கேட்டா அவங்க இன்னா சொல்லுவாங்க? மொதல்ல உக்காரு. நின்னுகினு கேட்டா எவளும் உண்மைய சொல்ல மாட்டா. வலி கீதான்னு கேக்காத. இன்னா வேல செய்றீங்க, எந்தக் கையால செய்றீங்கன்னு கேளு. எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீங்கன்னு கேளு. வலிக்கிற பக்கம் யாரும் படுக்க மாட்டாங்க."

வருடம் முழுக்க இதையேதான் விதவிதமாகத் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் உட்காரப் பழகினார்கள், கேட்கவும் பழகினார்கள். ஹாஸ்டல் பெண்கள்தான் அசையவில்லை. எப்படிக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்ல" என்றார்கள்.

பரீட்சை நெருங்கியது. முதல் வருடத்தில் பாதிப் பேராவது தேறாவிட்டால் படிப்பை எடுத்துவிடுவோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. படிப்பு போனால் ஷெர்லினின் வேலையும் போகும். தலைமை ஆசிரியர் முனிரத்தினம்தான் கையைப் பிசைந்தார். "பாதி தேறுமாம்மா?"

"பாதி எதுக்கு சார்? எல்லாரும் தேறுவாங்க, பாருங்க" என்றாள் ஷெர்லின்.

ஒரு சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து தேர்வாளர் வந்தார். பெயர் கலைமணி. சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு மாணவரும் ஒரு ஆளை விசாரித்து, அரை மணி நேரம் பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது என்று நான்கும் வர வேண்டும். முதல் ஆள் மதிவதனி. ஷெர்லின் வேண்டுமென்றேதான் அவளை முதலில் வைத்தாள். அவள் ஜெயித்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெம்பு வரும். அவள் சறுக்கினால் மற்றவர்கள் பயத்திலேயே கோட்டை விடுவார்கள்.

மதிவதனிக்கு வர வேண்டிய ஹாஸ்டல் பெண் வரவில்லை. கம்பெனியில் ஓவர்டைம் என்று பிடித்து வைத்துக்கொண்டார்களாம். மற்றவர்கள் நைட் ஷிஃப்ட் முடித்த களைப்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவர் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. கலைமணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்களே உக்காருங்க மேடம். முன்ன பின்ன தெரியாத ஆள் மாதிரி இந்தப் பொண்ணு உங்கள விசாரிக்கட்டும்."

தலைக்கு மேல் தூக்குவதும் அதில் வரும் என்று ஷெர்லினுக்குத் தெரியும். ஆனாலும் அவள் ஷெர்லின். சின்ன வெயிட்தானே, அரை மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்தது என்று நாற்காலியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதிவதனி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா வேல பாக்கறீங்க?"

"ஸ்கூல்ல பாடம் எடுக்கறேன்."

"அதுக்கு முன்னாடி?"

"கம்பெனில. லைன்ல."

"எந்தக் கையால வேல?"

"வலது கை."

"வலி ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் ஷெர்லின். வாய் தானாகவே சொன்னது.

மதிவதனி கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீங்க?"

பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த கேள்வி. அது தன் பக்கமே திரும்பி வந்ததும் ஷெர்லினுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "எடது பக்கம்."

"எப்பவுமேவா?"

"எப்பவும்."

மதிவதனி எழுந்து போய் இரண்டு வெயிட்டை எடுத்து வந்தாள். நீட்டவில்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போர்டுல ஏன் மிஸ் நீங்க மேல எழுத மாட்டீங்க?"

சுவரோரம் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தைய நாள் பாடம் கீழ்ப்பாதியில் அப்படியே இருந்தது.

"நேரம் போகுதும்மா" என்றார் கலைமணி. "பயிற்சியை ஆரம்பிக்கலன்னா மார்க் போட முடியாது."

"தெரியும் சார். ஆனா க்ளையண்ட் உண்மைய சொல்லல. சொல்ற வரைக்கும் நான் வெயிட்டு குடுக்க மாட்டேன்."

ஷெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "குடுடி. நான் தூக்கிடுவேன். உன் மார்க்குடி."

"குடுக்க மாட்டேன் மிஸ். தோள் போனா யாரு பாடம் நடத்துவாங்க? மார்க்க நான் இன்னொரு தபா வாங்கிக்குவேன்."

தேர்வாளர் நினைத்தால் இந்தப் பெண்ணை இப்போதே பெயில் போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிடலாம். கலைமணியின் பேனா அதற்குத் தயாராக இருந்ததை ஷெர்லின் பார்த்தாள். சொல்லாவிட்டால் மதிவதனி போவாள், அவளோடு பாதி வகுப்பும் போகும். சொன்னால் தன் வேலை போகும். யோசிக்க நேரமும் இல்லை, யோசிக்க அவளுக்கு மனமும் இல்லை.

"வலிக்குது" என்றாள். எல்லாருக்கும் கேட்டது.

"எங்க?"

"வலது தோள். மேல தூக்கினா தாங்காது. லைன்ல இருந்தப்ப வந்துது. பஸ்ஸுல கம்பிய பிடிச்சா வலிக்கும். தல பின்னினா வலிக்கும். ராத்திரி திரும்பிப் படுத்துட்டா முழிச்சுக்குவேன். டாக்டர்கிட்ட காட்டல. வேலைக்கு எடுக்கறப்ப கேட்டாங்க, இல்லன்னு சொல்லிட்டேன்."

ஒரு பதில் சொல்லப் போனவள் நிறுத்தவே முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒருவர் எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று, அதையே ஒரு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மதிவதனி கேட்டுக்கொண்டாள். பிறகு வெயிட்டைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ரப்பர் பட்டையை எடுத்து வந்தாள். கை தோளுக்கு மேலே போகாத மாதிரி இழுக்கவைத்தாள். சுவரில் கை ஊன்றித் தள்ளவைத்தாள், ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்து எழவைத்தாள். கடைசியில் தேர்வாளர் பக்கம் திரும்பி, "தலைக்கு மேல தூக்கற பயிற்சி இவங்களுக்கு இல்ல சார். டாக்டர் பாத்து சரின்னு சொன்னாத்தான் அது" என்றாள். சொன்னது கொஞ்சமும் நடுங்காத குரலில்.

கலைமணி எழுதினார். நிறையவே எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "நாலுல ஒண்ணு விட்டா மார்க் குறையணும். காரணம் சொல்லி விட்டா குறையாது. அடுத்த ஆள் வாங்க" என்றார்.

அடுத்த ஆள் பகலவன். அவனுக்கு ஒதுக்கிய ஆள் சந்தனமாரி. அவள் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்து, வேலை என்ன என்று ஆரம்பித்தான். அவள் வழக்கம்போல் சிரிக்கப் போனவள், மூலையில் தோளைத் தடவிக்கொண்டு நின்ற ஷெர்லினைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, எல்லாத்தையும் சொல்லட்டுமா, ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா?"

"எல்லாத்தையும் சொல்லுங்கக்கா" என்று பகலவன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இடுப்புல ஒரு வலி கெடக்கு. ரொம்ப நாளா கெடக்கு. சொன்னா ஆளை மாத்திருவாகன்னு சொல்லல."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருத்தியிடமும் ஏதோ ஒன்று இருந்தது. ஒருத்திக்கு மணிக்கட்டு, ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு நின்று நின்று கால் வீக்கம். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பயிற்சியை மாற்றினார்கள். மதியத்துக்குள் முடிய வேண்டிய பரீட்சை மாலை வரை இழுத்தது. எல்லாரும் தேறினார்கள். கலைமணி சாப்பாட்டைக்கூட நாற்காலியிலேயே வைத்துச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அவர் ஷெர்லினிடம் வந்தார். "அடுத்த வருஷம் ரெண்டு நாள் ஒதுக்கணும் மேடம். இவங்க எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "பாடம் நடத்தத் தோள் வேணாம். நீங்கதான் நடத்தணும்னு உங்க நிறுவனத்துக்கு எழுதிடறேன். மத்தத நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் சார்" என்றாள் ஷெர்லின். இந்த முறை வாய் தானாகச் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

வண்டி போனதும் அழுதுவிட்டாள். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. மதிவதனி தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"திங்கக்கெழம டாக்டரு மிஸ். நானும் வரேன்."

"நீ எதுக்குடி?"

"தனியா போனா, அங்கயும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க."