மார்கா விசாரித்ததில் போன விமானம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு நோய் உண்டு. யாரைப் பார்த்தாலும் "என்ன மார்கா?" என்று குலப்பெயரைக் கேட்டுவிடுவார். படாக் ஜனங்கள் நாங்கள் எல்லாருமே கேட்கிறவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. எதிரே நிற்பவர் மாமனா மச்சானா மருமகனா என்று தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது? ஆனால் மற்றவர்கள் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவருக்கு அதுதான் வேலை. டயர் ஒட்டுவதெல்லாம் நடுவில் எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

சிபோரோங்போரோங்கில், பெரிய ரோட்டோரத்தில் எங்கள் பஞ்சர் கடை. லாரிக்காரன் அவசரமாக வந்து நிற்பான். சக்கரத்தில் கை வைப்பதற்கு முன் அவன் மார்கா, அவன் அம்மாவின் மார்கா, தாத்தா எந்த ஊரிலிருந்து பிழைக்கப் போனார் என்பதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். அவன் என் பிறந்த வீட்டு மார்காவான சியாந்துரி என்று தெரிந்தால் தீர்ந்தது. பெண் கொடுத்த குலம் எங்களுக்குச் சாமிக்குச் சமம். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, குனிந்து குனிந்து டயர் மாட்டுவார். எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிய குலம் என்றாலோ, "மாப்ளே, அந்த ஜாக்கியைக் கொஞ்சம் பிடி" என்று அவனையே வேலை வாங்கிவிடுவார். லாரியில் தக்காளி அழுகிக்கொண்டிருந்தாலும் இந்த வரிசை மாறாது. பெயர் மோனாங் நபாபன். மூத்தவன் திகோர் பிறந்த நாளிலிருந்து எனக்கு அவர் திகோர் அப்பா.

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் அம்போனில் ஒரு கல்யாணம் காத்துக்கொண்டிருந்தது.

என் நாத்தனார் குடும்பம் பிழைக்கப் போனது நாட்டின் இன்னொரு மூலையில் இருக்கிற அந்தத் தீவுக்கு. அவள் மகன் பார்லின் அங்கேயே வெல்மா என்று ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். அம்போன்காரி, படாக் இல்லை. நல்ல பெண்தான். ஆனால் மார்கா இல்லாதவளை வைத்து எங்கள் சடங்கு எதையும் செய்ய முடியாது. மருமகன் கட்ட வேண்டியது மாமன் மகளைத்தானே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் போய், பெரியவர்கள் முன்னிலையில் அந்தப் பெண்ணுக்கு ஊலோஸ் துணியைப் போர்த்தித் தன் மகளாக எடுத்துக்கொண்டால் போதும். அந்த நிமிஷத்திலிருந்து அவள் நபாபன் வீட்டுப் பெண், முறையும் சரியாகிவிடும்.

எங்களுக்கு மூன்றும் பையன்கள். நாத்தனார் போனில் விஷயத்தைச் சொன்ன அன்றே இவர் கடையை நேரத்தோடு மூடிவிட்டு பாலிகே சந்தைக்குப் போய்ப் புது ஷூ வாங்கி வந்தார். மகள் வேண்டும் என்று முப்பது வருஷமாக இந்த மனிதர் வாயால் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஆனால் மூன்றாவதும் பையன் என்று மருத்துவச்சி சொன்னபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிலாங்கிட்டில் விமானம் ஏறி ஜகார்த்தாவில் மாறி, மக்காசாரில் மறுபடி மாறி, மாலையில் அம்போன். மறுநாள் காலையில் சடங்கு, அது முடிந்த கையோடு தேவாலயம். என் மடியில் ஒரு பெட்டி. அதற்குள் செதிள்கூட எடுக்காமல், மஞ்சளும் அந்தலிமான் மிளகும் அடைத்துச் சுண்ட வைத்த முழுக் கெண்டை மீன். பெண் கொடுக்கிற வீடு மீன் கொண்டு போகாமல் ஆசீர்வாதம் செய்ய முடியுமா? தலையும் வாலும் உடையாமல் போய்ச் சேர வேண்டும். சிலாங்கிட்டில் பரிசோதிக்கிறவர் பெட்டியைத் திறந்தார், மீனைப் பார்த்தார், "எந்த வீட்டுக் கல்யாணம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூடிக் கொடுத்தார். அவரும் நம்ம ஆள். திகோர் அப்பாவின் வாய் திறந்ததைப் பார்த்து நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

ஜகார்த்தாவில்தான் நான் தப்பு செய்தேன். அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன், மீனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், யாரிடமும் பேசக் கூடாது என்று. பெண்கள் பக்கம் வரிசை வாசல் வரை நின்றது. திரும்பி வந்தால் நாற்காலியில் மீன் மட்டும் இருக்கிறது. மனிதரைக் காணோம்.

தேடிப் பார்த்தால், விமானம் ஏறுகிற வாசல் நாலு தள்ளி, ஒரு பெரியவரோடு தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ஆள் போனில் படாக் பேசியது இவர் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவு போதாதா? அவர் மார்கா சியாகியான். அவருடைய பாட்டி வழியில் போனால் இவருக்கு மச்சான் முறை வருகிறது. சித்தி வழியில் போனால் மாமா முறை வருகிறது. மச்சான் என்றால் முதுகில் தட்டிக் கிண்டல் பண்ணலாம். மாமா என்றால் குனிந்துதான் பேச வேண்டும். இரண்டு பேரும் பாதி குனிந்த மாதிரி நின்றுகொண்டு, செத்துப்போன கிழவர்களை ஒவ்வொருவராக எழுப்பிச் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே ஒலிபெருக்கியில் மோனாங் நபாபன், மோனாங் நபாபன் என்று கூவுகிறார்கள். இவருக்குக் கேட்கவில்லையா என்றால், நன்றாகக் கேட்டிருக்கிறது.

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு நிமிஷம் இரு. இவரை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியாம எப்படி நான் போயிட்டு வரேன்னு சொல்றது?" என்றார்.

சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது மரியாதை இல்லையாம். விமானம் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது.

வாசலில் இருந்த பெண் பூட்டிய கதவைக் காட்டினாள். சியாகியான் பெரியவர் ரொம்ப வருத்தப்பட்டார், பாட்டி வழியையே வைத்துக்கொள்ளலாம், மச்சான் என்றே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, தன் விமானத்துக்குச் சரியான நேரத்தில் போய்விட்டார். அப்புறம் நான் வாயைத் திறந்தேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவருடைய பதினாலு தலைமுறையையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

நாத்தனாருக்குப் போன் போட்டோம். அழுதாள். பக்கத்தில் இருந்த பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். சடங்கைத் தள்ளிப்போட முடியாதாம். அம்போனில் நபாபன் மார்காவில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறாராம். மாமன் வராவிட்டால் அவரே பெண்ணை மகளாக எடுத்துக்கொள்ளட்டும், மார்கா ஒன்றுதானே என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. காற்றுப் போன டியூப் மாதிரி அந்த நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "போலீஸ்காரன் எம்பொண்ணுக்கு அப்பாவா?" என்று என்னைக் கேட்டார். இன்னும் முகத்தைக்கூடப் பார்க்காத பெண்ணை எம்பொண்ணு என்கிறார். திட்டுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் வைத்திருந்தேன். திட்டவில்லை. அவள் எனக்கும்தானே மகளாக வர இருந்தவள்.

டிக்கெட் மாற்றித் தரும் இடத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயரில் பனுரியா என்று இருந்தது. அசல் படாக் பெயர். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக, வாயைத் திறக்காமல் டிக்கெட்டை மட்டும் நீட்டினார்.

அவள் டிக்கெட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "நபாபனா? ஊரு எது? அம்மா பிறந்த வீடு என்ன மார்கா?"

இவர் என்னைப் பார்த்தார். "வேணாம்மா. அதைப் பேசித்தான் விமானமே போச்சு" என்றார்.

"பேசலன்னா உங்களை எப்படிங்க நான் கூப்பிடறது? எங்கம்மாவும் நபாபன்தான். அப்போ நீங்க எனக்கு மாமா ஆகணும்."

மாமா என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். அவள் விசைகளைத் தட்டி, நேராக அம்போன் போகிற கடைசி விமானத்தில் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தாள். விடியும்போது இறங்கிவிடலாம். மருமகள் முறைக்காரி செய்த உதவிக்கு மாமன் வெறும் கையோடு போகலாமா? அவர் கை மெல்ல மீன் பெட்டிப் பக்கம் வந்தது. அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன்.

அவர் அந்தப்பக்கம் போனதும் அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன், உறவுக்காக விதியை ஏதாவது மீறிவிட்டாயா என்று. அதெல்லாம் இல்லை, விமானத்தைத் தவறவிட்ட யார் கேட்டாலும் இதைத்தான் கொடுத்திருப்பேன் என்று சிரித்தாள். இதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்.

அம்போனில் இறங்கும்போது வெளுத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்லின் நின்றிருந்தான். பக்கத்தில் வெல்மா, தலைமுடியைச் சுருட்டிக் கட்டிய உருளைகளோடு, முகத்தில் பாதி பவுடரும் பாதி தூக்கமுமாக. போலீஸ்காரர் கல்யாண வீட்டில் கோட்டுப் போட்டு, தோளில் ஊலோஸ் துணியோடு தயாராக உட்கார்ந்திருக்கிறாராம். நேற்றே பெரியவர்கள் நடுவில் எழுந்து நின்று, வருகிறேன் என்று சொன்ன அப்பா வந்துகொண்டிருக்கிறார், அவர் வராமல் நான் யாருக்கும் மகளாக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம் இவள். பார்லின்தான் சொன்னான். கொஞ்சம் பயந்த மாதிரிதான் சொன்னான்.

திகோர் அப்பா அவள் முன்னால் போய் நின்றார். உலகத்தில் எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று அவரிடம் இருக்கிறது. இவளிடம் அதைக் கேட்க முடியாது. அது இல்லாமல் பேச்சைத் தொடங்க அவருக்கு வழி தெரியாது. புது ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லார்கிட்டயும் கேப்பீங்கன்னு சொன்னாங்க. என்கிட்ட கேக்க மாட்டீங்களா?" என்றாள் அவள்.

ஷூவிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "என்ன மார்காம்மா?"

"நபாபன்."

"யாரு பொண்ணு?"

"திகோர் அப்பா பொண்ணு."

அந்த மனிதர் வாசலிலேயே, பெட்டி தள்ளிக்கொண்டு போகிற ஜனங்கள் நடுவில், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சடங்கு இனிமேல்தான் என்று பார்லின் நினைவுபடுத்தினான். சும்மா இருடா என்றேன்.

அழுது முடித்ததும் பழைய நோய் வந்துவிட்டது. நபாபனில் எத்தனையாவது தலைமுறை என்று அடுத்த கேள்வி. அவள் விழித்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நான் பதினாலு. நீ பதினஞ்சு. யார் கேட்டாலும் பதினஞ்சுன்னு சொல்லணும், மறந்துடாதே" என்று விரலை ஆட்டிச் சொல்லிக்கொண்டே நடந்தார். மூன்று பையன்களுக்கும் இதை இவ்வளவு ஆசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்றுக் காலையிலிருந்து அந்த மீன் பெட்டியை நான்தான் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கொடு என்று ஒருத்தர் கேட்கவில்லை, அவரும் சேர்த்துத்தான். வெல்மா திரும்பி வந்து, "குடும்மா" என்று பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பதினஞ்சு பதினஞ்சு என்று சொல்லிப் பார்த்தபடி அவருக்குப் பின்னால் போனாள்.