என்.பி. என்றால் வடமாகாணமாம்

அக்கா கனடாவுக்குத் திரும்பிப் போகிற நாள். இணுவிலில் நாங்கள் குடியிருக்கிற வீடு அவளுடைய சீதன வீடு. அதை என் பெயருக்கு நன்கொடையாக எழுதித் தருவதற்கென்றே இந்தமுறை வந்திருந்தாள். மருதனார்மடச் சந்தியில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் உறுதிப் பத்திரம் எழுதி, கையெழுத்தும் வைத்தாயிற்று. பயணப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா என் கணவர் உறுதியின் பிரதியைக் கையில் எடுக்கவேண்டும்?

“இஞ்சேரப்பா, உறுதி எழுத நொத்தாரிசு எல்லே வேணும்? இந்தச் சீலிலை அப்பிடி ஒண்டும் இல்லையே.”

பறித்துப் பார்த்தேன். சட்டத்தரணியின் முத்திரையில், பெயருக்குப் பின்னால் எல்.எல்.பி. அது படிப்பு. அடுத்தது சட்டத்தரணி என்று இங்கிலீசில். கடைசியில் என்.பி.

“அப்ப இந்த என்.பி. என்ன?”

“அது நோர்தேர்ண் புறொவின்ஸ். வடமாகாணம். என்ரை வானிலையும்தான் கிடக்கு.”

வாடகை வான் ஓட்டுகிறவருக்கு நம்பர் பிளேட்தான் வேதம். ஆனால் நொத்தாரிசு எழுதாத காணி உறுதி செல்லாது. அக்காவுக்கு முழங்கால் ஏலாது, இனி எப்போது வருவாளோ. நாளைக்கு அவளுடைய பிள்ளைகள் வீட்டை விற்கப்போகிறோம் என்றால் நாங்கள் எங்கே போவது?

“உதை அண்டைக்கே பாக்கேலாமல் கண்ணென்ன பிடரியிலையே இருந்தது உங்களுக்கு?” என்று கத்தினேன்.

மூவரும் அதே வானில் சந்திக்கு ஓடினோம். அக்கா ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சட்டத்தரணி முத்திரையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், வெளியில் நின்ற வானையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அண்ணை, உது வான் நம்பர் இல்லை. நொட்டறி பப்ளிக். நான்தான் நொத்தாரிசு.”

அப்பாடா! அங்கிருந்த கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது. அந்த ஆறுதலிலும் என் கணவரை விடவில்லை. “பெரிய அப்புக்காத்து, சட்டம் படிப்பிக்க வந்திட்டார்!” என்றேன். அவர் வான் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

பெட்டியை ஏற்றுவதற்காக வீட்டுக்குத் திரும்பினோம். அக்கா இறங்கிப் படலையடியிலேயே நின்றாள்.

“ஏன் நிக்கிறாய்? உள்ளை வாவன் அக்கா.”

“ஓமடி,” என்றாள், “இனி நீதானே என்னை வா எண்டு கூப்பிடவேணும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.